யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு எவ்வளவு தூரம்?



வெளிநாட்டில் வளரும் எங்கள் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது கட்டாயம் கேட்கும் கேள்வி இது. இன்றைய விடை சுலபம். தரைவழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் மட்டில். வான்வழியாக நேர்கோட்டில் 300 கிலோமீற்றர்தான். பலாலியிலிருந்து இரத்மலானைக்குச் சிறிய விமானத்தில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. ஆனால் என் வயதில் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பல விடைகள் தெரியும்.

1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. காலையில் கோட்டையில் ஏறினால் மத்தியானத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இறங்கலாம். கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் சனி, ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்து போனார்கள்.

1990 ஜூனில் ரயில் நின்றது. ஆனையிறவு வழியும் அடைபட்டது. முதலில் கொம்படி, ஊரியான் சேற்றுவழி. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறகு கிளாலி. வள்ளங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, இரவில், வெளிச்சமில்லாமல் கடல்நீரேரியைக் கடக்கவேண்டும். கரை சேராதவர்களும் உண்டு. 1993இல் நானும் அப்படித்தான் போனேன். கிளாலி, பரந்தன், தாண்டிக்குளம், வவுனியா என்று போய்க் கொழும்பு சேர மூன்று நாள். வகுப்பில் உங்களுக்குப் படிப்பித்த வேகக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 400ஐ 72ஆல் வகுத்தால் மணிக்கு ஆறு கிலோமீற்றரும் வராது. நடந்து போகிறவனின் வேகம்.

1996க்குப் பிறகு பாதுகாப்பு அனுமதி எடுத்துக் கப்பலில் திருகோணமலைக்குப் போகலாம், அல்லது விமானத்தில் இரத்மலானைக்குப் போகலாம். பயணம் குறுகியது, காத்திருப்பு நீண்டது. விமானம் என்றாலும் பயம் விடவில்லை. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியில் புறப்பட்ட விமானம் மன்னார்க் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரில் ஒருவரும் தப்பவில்லை. ஒரு மணித்தியாலப் பயணம் என்று வீட்டாரை வழியனுப்பியவர்கள் எத்தனையோ ஆண்டு காத்திருந்தார்கள்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. முகமாலையிலும் ஓமந்தையிலும் இறங்கி, வரிசையில் நின்று, பைகளைத் திறந்து காட்டிப் போனோம். அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. 2006 ஓகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. போர் முடிந்தபின் பாதை படிப்படியாகத் திறந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோது, 24 வயதுப் பிள்ளைகள் பலர் தங்கள் ஊர்த் தண்டவாளத்தில் ரயிலை முதன்முதலாகக் கண்டார்கள்.

இவ்வளவு காலத்திலும் இரண்டு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. கிலோமீற்றர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொழும்பில் மகன் இருக்க, இங்கே செத்தவீடு அவன் இல்லாமல் நடந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்தத் தூரத்தை எந்த வரைபடமும் காட்டாது.

ஆகவே பிள்ளைகளே, ஒரு வேலை தருகிறேன். உங்கள் அம்மா, அப்பா, அம்மம்மா, அப்பப்பாவிடம் கேளுங்கள். எந்த ஆண்டு போனார்கள், எந்த வழி, எத்தனை நாள், கூடப் போனவர் யார்? ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்து வருகிறார்கள். தள்ளிப்போடாமல் இந்தக் கிழமையே கேளுங்கள்.