காற்று வாங்கப் போன ரயில்

சூரிச் விமான நிலையத்தில் இறங்கிப் பனிச்சறுக்குக்காக டாவோஸ் போகிறவர்களுக்கு வழி ரொம்ப எளிது. விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம். அங்கிருந்து சூரிச் மத்திய நிலையம். அங்கே ரயில் மாறினால் சூரிச் ஏரி, வாலன் ஏரி இரண்டையும் ஒட்டிக்கொண்டே போய் லாண்ட்க்வார்ட். அங்கே மறுபடி மாறி, சிவப்பு நிற மலை ரயிலில் ஏற வேண்டும். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அவ்வளவுதான்.

அலுவலக வேலையாக சூரிச்சில் இருந்தபோது நானும் இப்படி ஒருமுறை போனேன். லாண்ட்க்வார்டில் தண்டவாளத்தின் அகலம் குறைந்துவிடுகிறது. அதுவரை 1,435 மில்லிமீட்டர், அங்கிருந்து 1,000. நமக்குப் பழக்கமான மீட்டர் கேஜ்தான். ஒரு காலத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்ரயில் ஓடியதும் இதே அகலத்தில்தான். மலைச்சரிவில் கூர்மையான வளைவுகளைப் போட வேண்டுமானால் குறுகிய பாதை வசதி, செலவும் குறைவு. சில இடங்களில் ஆயிரம் மீட்டருக்கு 45 மீட்டர் ஏற்றம். பல்சக்கரம் கிடையாது. ஐம்பது கிலோமீட்டருக்குள் ரயில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது.

சறுக்குப் பலகைகளோடு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் பாதையையே அவர்களுக்காகத்தான் போட்டார்கள் என்று தோன்றும். உண்மையில் இது மூச்சுவிட முடியாதவர்களுக்காகப் போட்ட பாதை.

1853-இல் அலெக்சாண்டர் ஷ்பெங்லர் என்ற இளம் மருத்துவர் டாவோஸுக்கு வந்தார். ஜெர்மனியில் புரட்சி தோற்றதும் தப்பி வந்த அகதி. இந்த ஊர்க்காரர்களுக்குக் காசநோய் வருவதே இல்லையே என்பது அவர் கண்ணில் பட்டது. மலைக்காற்றுதான் காரணம் என்று நம்பினார். 1865-இல், நடுக்குளிர்காலத்தில், ஜெர்மனியிலிருந்து இரண்டு நோயாளிகள் பனிவண்டியில் வந்து இறங்கினார்கள். உடம்பு தேறியது. செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது.

அடுத்து வந்தவர்களில் ஒருவர் வில்லெம் யான் ஹோல்ஸ்போயர். டச்சுக்காரர், முன்னாள் கப்பல் தலைவர். 1867-இல் நோயுற்ற இளம் மனைவியை அழைத்துக்கொண்டு வந்தார். மனைவி பிழைக்கவில்லை. அவர் ஊரைவிட்டுப் போகவுமில்லை. ஷ்பெங்லரோடு சேர்ந்து நோயாளிகளுக்கான விடுதி கட்டினார், பிறகு ரயிலுக்காக அலைந்தார். நுரையீரல் நைந்த ஒருவரைக் குதிரை வண்டியில் பள்ளத்தாக்கு நெடுக உலுக்கிக்கொண்டு வருவது என்னவென்று அவருக்குத் தெரியும். பாதை 1889-இல் க்ளோஸ்டர்ஸ் வரையும், 1890-இல் டாவோஸ் வரையும் திறக்கப்பட்டது.

ரயில் வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் இருமிக்கொண்டே வந்து இரண்டு குளிர்காலங்கள் தங்கினார். ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவலை முடித்தது இங்கேதான். தாமஸ் மன் 1912-இல் சிகிச்சையிலிருந்த மனைவியைப் பார்க்க வந்தார். 1924-இல் வெளியான அவருடைய ‘மாய மலை’ நாவல் இந்த ரயில் பயணத்தோடுதான் தொடங்குகிறது.

பனிச்சறுக்கும் நோயின் பின்னாலேயே வந்தது. ஆர்தர் கானன் டாயில் காசநோய் கண்ட மனைவியோடு டாவோஸில் தங்கியிருந்தார். 1894-இல் உள்ளூர்ச் சகோதரர்கள் இருவரோடு சறுக்கியபடியே மலையைக் கடந்து அரோசா போனார். இதற்காகவே நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர்கள் சுவிட்சர்லாந்துக்கு வரும் காலம் வரும் என்று எழுதினார். நோயாளி பால்கனியில் கம்பளி போர்த்திப் படுத்திருக்க, துணைக்கு வந்தவர்கள் என்னதான் செய்வார்கள்? 1934-இல் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் என்ற பொறியாளர், சறுக்குபவர்களை மேலே இழுத்துச்செல்லும் கம்பி லிஃப்ட் ஒன்றை டாவோஸில் நிறுவினார். ஊர் மெல்ல இன்னொரு ஊராகிக்கொண்டிருந்தது.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின், 1952-இல் ஐசோனியாசிட் என்று மருந்துகள் வந்தன. சானடோரியங்கள் காலியாகின. 1900-இல் திறந்த ஷாட்ஸ்ஆல்ப் 1950-களில் ஹோட்டலானது. எங்கள் தொழிலில் இதை ‘லெகசி’ என்போம். எழுதிய காரணம் போய்விடும், நிரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. மருந்து இருந்தாலும் ஓய்வும், நல்ல சாப்பாடும், நல்ல காற்றும் வேண்டாமா? அதற்குப் பதில் கிடைத்தது சென்னையில். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், மறு பாதிக்கு நெருக்கடியான சொந்த வீடு. இருவருக்கும் ஒரே மாத்திரைகள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்கள் மோசமாகச் சாப்பிட்டார்கள், ஓய்வும் குறைவு. ஆனாலும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஹோல்ஸ்போயர் ஞாபகம்தான் வந்தது. நோயாளியைக் காற்றிடம் கொண்டுசேர்க்க அவர் ஒரு மலையையே ஏறினார். டிக்கெட் வாங்க முடிந்தவர்களுக்கு அது ஒரு வழி, முடியாதவர்களுக்கு எதுவுமே இல்லை. சேத்துப்பட்டு ஆய்வு, மருந்து நோயாளியின் வீட்டுக்குப் போனாலே போதும் என்று நிரூபித்தது. மலை என்பதே கணக்கிலிருந்து விழுந்துவிட்டது.

டாவோஸின் காற்று வைத்தியம் நம்மூருக்கும் வந்ததுதான். இங்கிலாந்தில் சானடோரியம் நடத்திய டாக்டர் சவுரி முத்து, 1928-இல் தாம்பரத்தில் ஒன்றைத் தொடங்கினார். அந்தப் பெயர் இன்னும் ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது, தாம்பரம் சானடோரியம் என்று. பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்க்கிறவர்கள் தினமும் அங்கே இறங்குகிறார்கள். ஆனால் டாவோஸைப் போல இங்கே நோயாளிகள் போய்விடவில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இன்றைக்கும் இந்தியாவில்தான். முத்துவின் சானடோரியம் இப்போது அரசு நெஞ்சக மருத்துவமனை. அங்கே மாத்திரைக்கு வருகிறவர்களும் அதே மின்ரயிலில்தான் வந்து இறங்குகிறார்கள்.