கூலியற்ற உழைப்பும் மென்பொருட் கம்பனிகளும்

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கம்பனிகளின் வரலாற்றையே எழுதி அமைகின்றனர். எக்கம்பனி எவ்வாண்டில் தோன்றியது, எவர் எத்துணைப் பொருள் ஈட்டினார் என்பனவே அந்நூல்களில் விரித்துரைக்கப்படுகின்றன. அக்கம்பனிகள் விற்கும் மென்பொருள்களின் அடித்தளத்திற் பெரும்பகுதியைக் கூலி பெறாத பலர் எழுதி உலகுக்கு வழங்கினர் என்னும் செய்தியோ ஓரிரு வரிகளோடு ஒழிந்துவிடுகின்றது.

இவ்வழக்கம் புதியதன்று. 1955 ஆம் ஆண்டில், ஐ.பி.எம். கம்பனியின் கணனிகளைப் பயன்படுத்தியோர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கூடி 'ஷெயார்' என்னும் சங்கத்தை நிறுவித் தாம் எழுதிய நிரல்களை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கினர். அக்காலத்தில் விலைப்பொருள் இயந்திரமே. மென்பொருள் அதனோடு உடன்வருவது. 1969 யூன் மாதத்தில் ஐ.பி.எம். மென்பொருளுக்குத் தனிவிலை குறிக்கப்போவதாக அறிவித்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. 1976 இல் பில் கேற்ஸ், விலை கொடாது படியெடுப்போர் திருடுகின்றனர் எனப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இதற்கு மாறாக, யாவரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள மென்பொருளை ஆக்கும் முயற்சியை றிச்சாட் ஸ்ரோல்மன் 1983 இல் அறிவித்ததும், பின்லாந்து மாணவர் லைனஸ் தோர்வால்ட்ஸ் 1991 இல் லினக்ஸை வெளியிட்டதும் பலரும் அறிந்தவை. அவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா.

நாம் ஆராயப் புகுவது பலரும் அறியாத ஒன்று. இணையவழி ஒருவர் தம் வங்கிக்குக் கடவுச்சொல்லை அனுப்பும்போது, இடையில் நிற்போர் அதனைப் படியாவண்ணம் மறைத்து அனுப்புதல் வேண்டும். அதற்குரிய மென்பொருள்களுள் ஒன்று 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' அவுஸ்திரேலியர் இருவர் தொடக்கிய வேலையை 1998 தொடக்கம் பல நாட்டுத் தொண்டர்கள் ஏற்று வளர்த்தனர். அதன் உரிமப்பத்திரம் மிகத் தாராளமானது. எக்கம்பனியும் அதனைத் தன் சரக்கிற் சேர்த்து விற்கலாம். பணம் கொடுக்கவேண்டா, தான் செய்த திருத்தத்தை வெளியிடவும் வேண்டா. ஆக்கியோரின் பெயரைக் குறித்தாற் போதும். பெருங் கம்பனிகள் யாவும் இவ்வாய்ப்பை நன்கு பயன்படுத்திக்கொண்டன.

2014 ஏப்பிரல் 7 ஆந் திகதி அதில் ஒரு பிழை இருப்பது வெளியாயிற்று. 'ஹாட்பிளீட்' எனப் பெயர்பெற்ற அப்பிழை மிக எளியது. ஒரு கணனி மற்றொன்றை நோக்கி, "நீ விழித்திருக்கின்றாயா? ஆமெனில், நான் தரும் இச்சொல்லைத் திருப்பிக் கூறு, இதன் நீளம் இவ்வளவு" என்று கேட்கும். சொல் மூன்றெழுத்தாயிருக்க, நீளம் அறுபதினாயிரம் எழுத்து என்று பொய் கூறினும், மறுகணனி அளந்து பாராது, தன் நினைவகத்தில் அருகே கிடந்தவற்றையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். அவற்றுட் கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் இருத்தல் கூடும். கனடாவின் வரி அலுவலகத்திலிருந்து ஏறக்குறைய 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் இவ்வழியே களவாடப்பட்டன. 2011 ஆம் ஆண்டின் இறுதி நாளில் நிரலிற் சேர்ந்த இப்பிழை, 2012 மார்ச்சில் வெளியான பதிப்போடு உலகெங்கும் பரவி, ஈராண்டுக்கு மேலாகக் கிடந்தது.

ஏன் எவரும் காணவில்லை? பார்ப்பதற்கு ஆளில்லை என்பதே விடை. அக்காலத்தில் அதில் முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. நன்கொடையாக வந்தது ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 2,000 டொலர் என, அதன் நிதிப்பொறுப்பை ஏற்றிருந்த ஸ்ரீவ் மார்க்கெஸ் எழுதினார். பிழை வெளியானபின் சில நாட்களிற் சுமார் 9,000 டொலர் வந்ததாம். அதுவும் தனியாட்கள் அனுப்பிய சிறுதொகைகள்.

விரும்பிக் கொடுத்த பொருளுக்கு விலை கேட்பது முறையோ என்று சிலர் வினவுவர். சட்டத்தின்படி அவர்கள் கூற்றுச் சரியே. களவு எதுவும் நிகழவில்லை. ஆயினும் உரிமப்பத்திரம் கொடுத்தது பயன்படுத்தும் உரிமையை மட்டுமே. ஆண்டுதோறும் பிழை தேடித் திருத்தித் தருவதாக எவரும் வாக்களிக்கவில்லை. குளத்து நீரைப் பாய்ச்சுகின்றவர் அணைக்கட்டு உடையும் நாளில் மட்டும் குளத்தை நினைப்பது போன்றது கம்பனிகளின் போக்கு. எனினும் நடுநிலை தவறலாகாது: அப்பிழையைத் தனித்தனியே கண்டுபிடித்தோர் கூகிள் கம்பனியின் ஆய்வாளர் ஒருவரும், பின்லாந்தைச் சேர்ந்த கொடெனோமிக்கன் கம்பனியாருமே.

அதே ஏப்பிரல் மாதத்தில், அமேசன், கூகிள், மைக்ரோசொப்ற், ஐ.பி.எம். முதலிய கம்பனிகள் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் தலைக்கு 100,000 டொலர் கொடுக்க இணங்கின. அந்நிதியிலிருந்து ஓப்பன் எஸ்.எஸ்.எல். பணிக்கு இருவர் முழுநேரமாக அமர்த்தப்பட்டனர்.

பின்னர், பழைய உரிமப்பத்திரத்தை மாற்ற விரும்பியபோது, நிரலில் ஒரு வரியேனும் எழுதிய ஒவ்வொருவரின் இணக்கத்தையும் நாடவேண்டியதாயிற்று. 2017 இல் ஏறக்குறைய 400 பேருக்குக் கடிதம் சென்றது. மறுமொழி வராவிடில் ஆட்சேபம் இல்லையெனக் கொள்வோம் என்றொரு வரி அக்கடிதத்தில் இருந்தது. அதற்குக் கடுங் கண்டனம் எழுந்தது. புதிய உரிமத்தோடு கூடிய பதிப்பு 2021 செப்டெம்பரிலேயே வெளிவந்தது.