நாய், பூனைக்கு எது இயற்கை உணவு?

பாக்கெட் உணவின் விலையும், அதில் என்ன கலந்திருக்கிறதோ என்ற ஐயமும் சேர்ந்து, வளர்ப்புப் பிராணிகளுக்கு வீட்டிலேயே சமைத்துப் போடலாம் என்ற எண்ணத்தைப் பலரிடம் ஏற்படுத்தியுள்ளன. நல்ல எண்ணம்தான். ஆனால், நமக்கு ஒத்துக்கொள்ளும் உணவெல்லாம் நாய்க்கும் பூனைக்கும் ஒத்துக்கொள்ளாது. நம் சமையலறையில் மருந்தாக மதிக்கப்படும் சில பொருள்கள் அவற்றின் உயிரையே பறித்துவிடும். பினாங்கில் நாய், பூனை வளர்ப்போர் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைத் தகவல்கள் இங்கே தரப்படுகின்றன.

நாய் வேறு, பூனை வேறு

நாய் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனின் உணவைப் பகிர்ந்துண்டு வாழும் பிராணி. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் அதிகம் என்பதை 2013-இல் 'நேச்சர்' இதழில் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆகவே, இறைச்சியோடு அளவாகச் சோறு சேர்த்துக் கொடுப்பதில் தவறில்லை.

பூனையின் நிலை வேறு. அதற்கு இறைச்சியோ மீனோ கட்டாயம் தேவை. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் போதிய அளவு தயாரிப்பதில்லை. உணவிலிருந்துதான் அது கிடைக்க வேண்டும். டாரின் குறைந்தால் கண்பார்வை மங்கும். இதயத் தசை பலவீனமாகும். இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பை 1987-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய பிறகு, கடைகளில் விற்கும் பூனை உணவில் அதன் அளவு கூட்டப்பட்டது.

சைவக் குடும்பங்களில் பூனைக்குத் தயிர்ச்சோறும் பாலும் மட்டுமே வைப்பதுண்டு. அன்போடு வைத்தாலும் அது பூனைக்குப் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஏற்படும். வீட்டில் அசைவம் சமைக்க விருப்பமில்லாதவர்கள், முழுச் சத்துணவு என்று குறிப்பிட்டு விற்கப்படும் பூனை உணவை வாங்கிக் கொடுப்பதே நல்லது.

சமைப்பது எப்படி?

எலும்பு நீக்கிய கோழியையோ மீனையோ உப்பு, மசாலா சேர்க்காமல் வேக வைக்க வேண்டும். நாய்க்கு அதனுடன் சோறு, பூசணி, கேரட் சேர்க்கலாம். பூனைக்கு இறைச்சியே பெரும்பங்காக இருக்க வேண்டும். சௌராஸ்தா சந்தையில் கிடைக்கும் கெம்போங் மீன் போன்றவற்றையும் வேக வைத்து, முள் எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். சில வகைப் பச்சை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. தினமும் மீனை மட்டுமே கொடுப்பதும் சரியல்ல. ஈரலை வாரத்தில் ஓரிரு முறை சிறிதளவு கொடுத்தால் போதும்.

வெறும் இறைச்சியில் கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் எலும்பு பலவீனமாகும். குட்டிகளுக்கு இது மேலும் ஆபத்து. ஒரு கோழிமுட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் உண்டு. அதை நன்கு பொடித்துச் சேர்க்கலாம் என்றாலும், பிராணியின் எடைக்கு ஏற்ற அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சமைத்த எலும்பைக் கொடுக்கவே கூடாது. அது கூராக உடைந்து குடலைக் கிழித்துவிடும்.

நம் ஊர் வெயிலுக்குச் சமைத்த உணவு விரைவில் கெட்டுவிடும். மிச்சத்தை உடனே எடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். புதிய உணவுக்கு மாற்றும்போது ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை

வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு 20 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதுமானது. வேக வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. எனவே, மீந்துபோன நாசி கண்டார் குழம்பைச் சோற்றில் பிசைந்து வைப்பதை நிறுத்திவிடுங்கள்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். பண்டிகை நாளில் கேசரி, பாயாசம் கொடுப்போர் இதைக் கவனிக்க வேண்டும். சாக்லேட்டும், சர்க்கரையில்லாச் சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டோலும் நாய்க்கு நஞ்சு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பெனடோல் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

கைவைத்தியத்தின் எல்லை

தமிழ்நாட்டில் மாடுகளின் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு சேர்த்து அரைத்துப் பூசும் மரபு வைத்தியத்தைக் கால்நடை அறிவியலாளர்கள் ஆராய்ந்து, பால் பண்ணையாளர்களிடம் பரப்பி வருகின்றனர். அது மாட்டுக்கு, ஒரு குறிப்பிட்ட நோய்க்கு, மேலே பூசும் மருந்து. அதையே பூனைக்குப் பூசினால், பூனை நக்கி விழுங்கிவிடும்.

கற்பூரம், தேயிலை மர எண்ணெய் போன்றவை பூனைக்கும் நாய்க்கும் நஞ்சாகும். உண்ணிக்கு வேப்பிலை அவித்த நீரில் நாயைக் குளிப்பாட்டுவோர் உண்டு. ஆனால், உண்ணி சுவர் இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயைத் தினமும் சீவிப் பார்ப்பதோடு வீட்டையும் சுத்தம் செய்து, மருத்துவர் தரும் மருந்தையும் பயன்படுத்தினால்தான் உண்ணிக் காய்ச்சலைத் தடுக்கலாம். நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்கு ஒருபோதும் போடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையைக் கொல்லும்.

தடுப்பூசிக்கு மாற்று எந்த மூலிகையிலும் இல்லை. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது, பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல எடுக்கப்பட்ட முடிவு பெரும் சர்ச்சையானது. அந்த நோய் முற்றிய பின் மனிதனையும் காப்பாற்ற முடியாது. நாய் கடித்தால் மஞ்சளைப் பூசிக்கொண்டிராமல், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்

பூனை ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருப்பது, ஈறு வெளுத்துப்போவது, சிறுநீர் அடர்நிறமாக மாறுவது, ஓயாத வாந்தி, வலிப்பு ஆகியவற்றைக் கண்டால் கைவைத்தியத்தில் நேரத்தைக் கடத்தக் கூடாது. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினால், அது சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். தின்றது என்ன, எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிராணிக்கு ஏற்ற உணவு கொடுப்பதும் நோயிலிருந்து காப்பதும் 2015-ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டப்படி உரிமையாளரின் கடமை. கருத்தடை, தடுப்பூசி தொடர்பான விவரங்களை மாநிலக் கால்நடை சேவைத் துறையிடமோ ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்பிசிஏ அமைப்பிடமோ கேட்டறியலாம்.