ஏழு மதிப்பெண்ணும் ஒரு சராசரியும்

கொல்கத்தாவில் பயிலும் தமிழ் மாணவர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, தவறிய தாளை மறுபடி எழுதித் தேறிவிட்டேன். ஆனால் சராசரி முன்பிருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. கணக்கை யாராவது தவறாகப் போட்டிருப்பார்களோ?" என்றார். மதிப்பெண் பட்டியலை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. விதி அப்படி. அந்த விதியை விளக்குமுன் அவருக்கு நான் சொன்ன வரலாற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். அது அவர் வாழும் நகரத்திலேயே தொடங்குகிறது.

கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1857 ஜனவரி 24 அன்று சட்டத்தால் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் பம்பாயும் சென்னையும் தத்தம் பல்கலைக்கழகங்களைப் பெற்றன. மூன்றுக்கும் முன்மாதிரி இலண்டன் பல்கலைக்கழகம். அதாவது, இவை பாடம் நடத்தவில்லை; தேர்வு நடத்தின, பட்டம் வழங்கின. கற்பித்தல் கல்லூரிகளின் பொறுப்பு. எனவே தேர்வு விதிதான் பல்கலைக்கழகத்தின் உயிர்நாடியாக இருந்தது. 1857இல் நடந்த முதல் நுழைவுத் தேர்வை 244 பேர் எழுதினர். மறு ஆண்டு ஏப்ரலில் முதல் பி.ஏ. தேர்வு நடந்தது. பெயர் பதிந்தவர் 13 பேர். எழுதியவர் 10 பேர். விதிப்படி தேறியவர் ஒருவருமில்லை.

அந்தப் பத்துப் பேரில் இருவர் பிரசிடென்சி கல்லூரி மாணவர்களான பங்கிம் சந்திர சட்டோபாத்யாயரும் யதுநாத் போஸும். ஆறு பாடங்களில் ஐந்தில் இருவரும் நன்றாகத் தேறியிருந்தனர். ஆறாவதில் குறைந்தது ஏழு மதிப்பெண்ணுக்கு மேற்படவில்லை. தேர்வாளர் குழு பரிந்துரைத்தது, சிண்டிகேட் இசைந்தது. தனிச் சலுகையாக இருவருக்கும் இரண்டாம் வகுப்பில் பட்டம் தரப்பட்டது. கூடவே ஒரு நிபந்தனையையும் எழுதி வைத்தனர்: இச்சலுகையை வரும் ஆண்டுகளில் எவரும் முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது.

பின்னாளில் 'ஆனந்தமடம்' எழுதியவரின் பட்டம் இவ்வாறு கருணை மதிப்பெண்ணால் வந்தது என்பதை நம்மவர் பெரும்பாலும் வேடிக்கைச் செய்தியாகவே சொல்வதுண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அன்றைய விதி ஒரு பாடத்தின் தோல்வியை முழுத் தேர்வின் தோல்வியாகவே கண்டது. ஐந்து வெற்றிகளால் ஒரு தோல்வியை ஈடுகட்ட வழியில்லை. விதியின் கடுமையைக் குறைக்க மனிதர் சிலர் கூடித் தீர்மானிக்க வேண்டியிருந்தது. யாருக்கு, எவ்வளவு, ஏன் என்பதையெல்லாம் அவர்கள் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தனர். கருணைக்குப் பொறுப்பேற்க ஆள் இருந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளும் இருவரே என்பது இனிய ஒற்றுமை: யாழ்ப்பாணத்தவரான சி.வை.தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். தாமோதரம்பிள்ளை பின்னர் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஆனால் அதே சென்னைப் பல்கலைக்கழகத்தின் விதி ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இன்னொருவரிடம் எப்படி நடந்துகொண்டது என்பதும் நமக்குத் தெரியும். கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்த இராமானுஜன், பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1906இல் எஃப்.ஏ. எழுதித் தவறினார்; 1907இல் மீண்டும் எழுதி மீண்டும் தவறினார். கணிதத்தில் அவருக்கிருந்த வலிமை பிற பாடங்களின் குறையை ஈடுசெய்ய விதி இடந்தரவில்லை. ஏழு மதிப்பெண் தூரத்தில் அவர் நின்றிருக்கவும் இல்லை. ஆகவே சலுகைக் கதவும் திறக்கவில்லை. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் பேரில் பட்டம் தந்தது.

தீர்மானிப்பவர் கையில் கருணை இருக்கும்போது அதை மறுக்கும் அதிகாரமும் அவர் கையிலேயே இருக்கும். கல்கத்தாவின் முதல் பெண் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான காதம்பினி கங்குலி மருத்துவக் கல்லூரியில் பயின்று, இறுதித் தேர்வில் ஒரு பாடத்தில் தேறவில்லை என்று அறிவிக்கப்பட்டார். எம்.பி. பட்டம் கிடைக்கவில்லை. 1886இல் கல்லூரி அளித்த ஜி.பி.எம்.சி. சான்றுடனேயே அவர் மருத்துவம் பார்த்தார். 1893இல் கடல் கடந்து சென்று எடின்பரோவில் தகுதி பெற்றுத் திரும்பினார். பெண்கள் மருத்துவம் பயில்வதை விரும்பாத ஆசிரியர் ஒருவரே அத்தோல்விக்குக் காரணம் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அது எவ்வாறாயினும், 1858இல் இருவருக்குத் திறந்த கதவு அவருக்குத் திறக்கவில்லை.

தேர்வின் இந்த ஆதிக்கத்தை 1917இல் அமைக்கப்பட்ட சாட்லர் ஆணையம் கண்டித்தது. சர் அசுதோஷ் முகர்ஜி அதில் உறுப்பினர். விடுதலைக்குப் பின் இராதாகிருஷ்ணன் ஆணையம், பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்வதானால் அது தேர்விலேயே செய்யப்பட வேண்டும் என்றது. காலப்போக்கில் தவறிய தாளை மட்டும் திரும்ப எழுதும் வழக்கம் நாடெங்கும் நிலைபெற்றது. வங்க மாணவர் அதைச் 'சப்ளி' என்பர். நாம் 'அரியர்' என்கிறோம். அரியர் என்பது நிலுவை, கடன். கடனைக் கட்டினால் கணக்கு முடிந்தது. தோல்வி அந்த ஒரு தாளோடு நின்றுவிடும் என்பதே இம்முறையின் நியாயம்.

அடுத்து வந்தது சராசரி. பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வகுத்த பத்துப் புள்ளி அளவில் மிக உயர்ந்த தரத்துக்கு 10, வெறும் தேர்ச்சிக்கு 4, தோல்விக்கு 0. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் தரப்புள்ளியையும் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கலை, அறிவியல் பட்டப்படிப்புகள் 2018இல் இம்முறைக்கு வந்தன.

இப்போது நண்பரின் கணக்கு. ஐந்து பாடங்கள்; ஒவ்வொன்றுக்கும் 4 கிரெடிட்; ஆக 20. நான்கில் அவர் தரப்புள்ளி 8, ஒன்றில் 0. கூட்டுத்தொகை 128, சராசரி 6.40. தவறியதை மறுபடி எழுதி 6 பெற்றார். பழைய பூச்சியத்தை நீக்கிப் புதியதை வைத்தால் 152ஐ 20ஆல் வகுக்கலாம், சராசரி 7.60 ஆகும். பூச்சியத்தையும் வைத்துக்கொண்டு புதியதையும் சேர்த்தால் 152ஐ 24ஆல் வகுக்க வேண்டும்; சராசரி 6.33. அவர் பயிலும் நிறுவனம் இரண்டாவது முறையைக் கடைப்பிடிக்கிறது. ஆகவே தேறியதால் அவர் சராசரி இறங்கியது. பழைய சராசரிக்குக் குறைவான எந்த மதிப்பில் தேறினாலும் இந்த முறையில் இறக்கமே நேரும். அந்த முறைக்கும் ஒரு நியாயம் உண்டு: முதல் முறையே தேறியவருக்கும் மறுமுறை தேறியவருக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பர். ஆனால் அந்த வேறுபாட்டைப் பட்டியலில் ஒரு குறியீடே காட்டிவிடுமே!

இரண்டு முறைகளில் எது சரி என்பதைக் கணிதம் சொல்லாது. பூச்சியம் நிற்க வேண்டுமா, நீங்க வேண்டுமா என்பது மனிதர் எடுக்கும் முடிவு. 1858இல் அம்முடிவு இரு மாணவரின் பெயரோடு பதிவாயிற்று. இன்று அது வகுக்கும் எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. எதிர்ப்பதற்கு முகம் இல்லை; முறையிடுவதற்கு ஆள் இல்லை. விதி வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் மாணவர் பேசவும் முடிகிறது. 2018 தொடக்கத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. முதற்பகுதித் தேர்வில் பாதிக்கும் மேற்பட்டோர் தவறினர். அடுத்த ஆண்டுக்குச் செல்லத் தேற வேண்டிய பாடங்களின் எண்ணிக்கையை 2016ஆம் ஆண்டு விதி உயர்த்தியிருந்தது. மாணவர் போராடினர், பிப்ரவரியில் பல்கலைக்கழகம் பழைய விதிக்குத் திரும்பியது. அது தரத்தின் வீழ்ச்சி என்றோரும் உண்டு, நீதி என்றோரும் உண்டு. எதைப் பற்றி வாதிடுகிறோம் என்பதாவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தமிழில் 'தேறுதல்' என்ற சொல் தேர்வில் வெல்வதற்கு மட்டும் உரியதன்று. நோயிலிருந்து மீண்டவரையும் தேறினார் என்கிறோம். துயரிலிருந்து மீண்ட மனத்தையும் தேறிற்று என்கிறோம். நோய் தேறியவரின் உடம்பில் பழைய காய்ச்சலைச் சேர்த்துச் சராசரி பார்க்கும் மருத்துவர் இல்லை.

நண்பரிடம் இறுதியாக ஒன்றே சொன்னேன்: படிப்பில் சேர்ந்தவுடன் பாடத்திட்டத்தைப் படிப்பதுபோல, மறுதேர்வு விதியையும் படியுங்கள். தவறிய தாளின் பூச்சியம் என்னவாகும் என்று எழுத்தில் கேளுங்கள். நிற்கும் என்று பதில் வந்தால், ஏன் என்றும் கேளுங்கள்.