புள்ளலூர் நினைவுத் தூண்

ஸ்ரீபெரும்புதூரையும் ஒரகடத்தையும் இன்று தொழிற்சாலைகளின் பெயரால் அறிகிறோம். அவற்றுக்கு மேற்கே, காஞ்சிபுரத்திற்கு அணித்தாயுள்ள புள்ளலூரில் இரு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. ஒன்று லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் பிரவுனுக்குரியது. மற்றது கேப்டன் ஜேம்ஸ் ஹிஸ்லாப் என்னும் இளைஞருக்குரியது. இருவரும் 1781 ஆகஸ்டு 27 அன்று இங்கு நடந்த போரில் மாண்டனர்.

ஹிஸ்லாப் பீரங்கிப்படைக் குடும்பத்தில் பிறந்தவர்; தந்தை வில்லியம் அரச பீரங்கிப்படையில் லெப்டினன்ட் கர்னல். ஜேம்ஸ், தளபதி சர் அயர் கூட்டின் நேர் உதவியாளராய்ப் பணியாற்றினார். அவர் வீழ்ந்தபோது தம்பி தாமசுக்கு வயது 17. அவரும் ஜிப்ரால்ட்டர் முற்றுகையில் போர்முனையிலேயே இருந்தார். பின்னாளில் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகி, 1817இல் மஹித்பூரில் வென்ற சர் தாமஸ் ஹிஸ்லாப் இவரே. தமையனுக்கோ ஒரு தூணளவே வரலாறு வாய்த்தது.

அந்நிலமும் ஏற்கெனவே குருதி தோய்ந்ததே. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை இங்கேயே முறியடித்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தது அத்தோல்விக்கு ஒரு காரணமாயிற்று. மறு ஆண்டு கூட்டுடன் வந்தோர், அடக்கம் பெறாத எலும்புகளைக் கண்டனர். இரண்டாம் போரிலோ இரு தரப்பாரும் வெற்றியைத் தமதென்றனர்.

ஹைதரின் வெற்றி ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவரில் ஓவியமாயிற்று; ஆங்கில அதிகாரிகள் கல்லில் இடம் பெற்றனர். இரு படைகளிலும் மடிந்த தமிழ்ச் சிப்பாய்களுக்கும், விளைச்சலையும் வீட்டையும் இழந்த குடியானவர்க்கும் அங்கே ஒரு கல்லும் இல்லை.

இங்கே திருச்சபை வரலாற்று மாணவர் மற்றொரு பெயரையும் நினைவுகூர வேண்டும். 1779இல் சென்னை அரசின் வேண்டுகோளால் ஹைதரிடம் சமாதானத் தூது சென்றவர் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர். தூது பலிக்கவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. பின் தொடர்ந்த பஞ்சத்தில் அவர் தஞ்சையில் தானியம் சேர்த்துப் பசித்தோருக்கு உணவளித்தார். அவ்வாறு உண்டோரின் பெயர்களும் எழுதப்படவில்லை.

இளமையில் மடிந்த ஹிஸ்லாபுக்காக நாம் இரங்குவது முறையே. ஆனால், அவ்விரக்கம் தூணோடு நின்றுவிடுமாயின் நம் வரலாற்றறிவு குறைவுள்ளதாகும். பெயர் பொறிக்கப்பட்ட ஓர் உயிரின் மதிப்பை அறிந்த நாம், பெயரற்ற உயிர்களையும் அதே அளவையால் அளக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.