சிரவணபெளகொளாக் கல்வெட்டு சொல்லும் சமநியாயம்

நாம் குடியிருக்கும் ஜீவனஹள்ளியின் பெயரில் உள்ள 'ஹள்ளி' வேறொன்றுமில்லை, நம் தமிழ்ப் 'பள்ளி'தான். பழங்கன்னடத்தில் இருந்த பகரம் பின்னாளில் ஹகரமாகிவிட்டது. நம்முடைய பால் அவர்களுக்கு ஹாலு. நம்முடைய பணம் அவர்களுக்கு ஹண. பள்ளி என்றால் ஊர் என்றும் பொருள் உண்டு, சமண முனிவர்கள் தங்கிய இடம் என்றும் பொருள் உண்டு. இந்த 'ஹண' என்ற சொல் வருகிற ஒரு பழைய தீர்ப்பைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஹாசன் மாவட்டம் சிரவணபெளகொளாவுக்குப் போகிறவர்கள் நேராக மலை ஏறி கோமடேசுவரரைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கீழே ஊருக்குள் பண்டாரி பஸதியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சக ஆண்டு 1290, அதாவது கி.பி. 1368. விஜயநகரத்தை முதலாம் புக்கராயர் ஆண்ட காலம். சமணருக்கும், கல்வெட்டு 'பக்தர்' என்று குறிப்பிடும் ஸ்ரீவைஷ்ணவருக்கும் இடையே தகராறு. ஆனேகொந்தி, ஹொசபட்டணம், பெனுகொண்டா, கல்லேஹ முதலிய ஊர்ச் சமணர்கள், பக்தர்கள் தங்களுக்குச் செய்யும் அநியாயத்தைப் பற்றி அரசரிடம் முறையிட்டார்கள். பஞ்ச மகா வாத்தியமும் கலசமும் சமணருக்கு உண்டா என்பதும் இதில் அடக்கம். வெறும் மேளச் சத்தம்தானே என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் ஒரு சமூகம் தலைநிமிர்ந்து வீதியில் போகலாமா கூடாதா என்ற கேள்வி அதற்குள் இருந்தது.

எதிர்த்தரப்பு சாமானியமானதல்ல. கோவில் என்னும் ஸ்ரீரங்கம், திருமலை, பெருமாள் கோவில் என்னும் காஞ்சிபுரம், மேலுக்கோட்டைத் திருநாராயணபுரம் ஆகிய தலங்களின் ஆசாரியர்களைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. ஆகவே இது கன்னட நாட்டு வழக்கு மட்டுமல்ல, நம் தமிழ்நாட்டுப் பெரியவர்களும் சம்பந்தப்பட்ட வழக்கு.

தீர்ப்பைப் பார்க்குமுன் ஒரு சட்டச் சொல்லைத் தெரிந்துகொள்வோம். இங்கிலாந்தில் பழைய நீதிமன்றங்கள் எழுதிவைத்த முறை தப்பாமல் தீர்ப்புச் சொல்லும். முறை சரியாக இருந்தும் மனிதனுக்கு அநியாயம் நேர்ந்தால், அவன் சான்சலரிடம் போய் முறையிடுவான். அப்படி வளர்ந்ததே 'ஈக்விட்டி' என்னும் சமநியாயம். அதற்கும் முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கல்லின் வடிவத்துக்கேற்ப வளைந்துகொடுக்கும் லெஸ்பாஸ் தீவின் ஈயக் கோலை இதற்கு உவமை காட்டினார். 1873-ஆம் ஆண்டுச் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டம், தனி விதி இல்லாத இடத்தில் நீதி, சமநியாயம், நல்ல மனச்சாட்சி ஆகியவற்றின்படி நடக்கச் சொன்னது. நம் அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றம் 'முழுமையான நீதி' வழங்க வழிசெய்கிறது. நம்மவர்களுக்கு இது புதிதல்ல. திருக்குறளில் நடுவு நிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறதே!

இப்போது புக்கராயரிடம் வருவோம். அவர் சமணரின் கையைப் பிடித்து வைஷ்ணவரின் கையில் வைத்தார். இரண்டு தரிசனங்களுக்கும் பேதம் இல்லை என்றார். பஞ்ச மகா வாத்தியமும் கலசமும் முன்போலவே சமணருக்கு உண்டு என்றார். பக்தர்களால் சமண தரிசனத்துக்குக் கேடோ உயர்வோ வந்தால், அதைத் தங்களுக்கே வந்ததாக வைஷ்ணவர்கள் கருத வேண்டும் என்றார். இந்தச் சாசனத்தை நாட்டிலுள்ள பஸதிகளில் நிறுத்தும் பொறுப்பையும் அவர்களிடமே விட்டார்.

பக்தர்களுக்கு அபராதம் விதித்ததாகக் கல்லில் இல்லை. அதற்குப் பதில், சமணர் வீட்டுக்கு வருஷம் ஒரு ஹண வீதம் கொடுக்க வேண்டும். திருமலைத் தாத்தய்யா அந்தப் பணத்தைக் கொண்டு பெளகொளா தேவருக்கு 20 காவல்காரர்களை வைக்க வேண்டும். மிச்சப் பணத்தில் பழுதான ஜினாலயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழும். அநியாயம் நடந்தது சமணருக்கு, காசு கொடுப்பதும் சமணரா? இது என்ன நியாயம்? எனக்கும் இது உறுத்தத்தான் செய்கிறது. தட்டு நேராக நிற்கவில்லை என்றே சொல்வேன். ஆனால் கடைக்கணக்குப் பார்த்துப் பழகியவனுக்கு இன்னொன்றும் தெரியும். காசு கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்க வாய் உண்டு. இலவசக் காவல் தயவு. அதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். காசு வாங்கிய காவல் கடமை. அதோடு காவல்காரரை நியமிப்பவர் எதிர்த்தரப்புப் பெரியவர். காவல் தவறினால் கெட்ட பெயர் அவருக்குத்தான். பலசாலியைத் தண்டித்து அனுப்பியிருந்தால் பகை மிஞ்சியிருக்கும். அவரையே ஜாமீன்தாரர் ஆக்கியதால் பொறுப்பு வந்தது. சமநியாயம் என்றால் ஆளுக்குப் பாதி என்று பங்கு பிரிப்பதல்ல, எளியவன் அச்சமில்லாமல் வாழ வழி செய்வது என்பதைக் கல் சொல்கிறது. சமணருக்கு உரிமை தரும் இந்தச் சாசனம் இராமானுசரின் துதியோடு தொடங்குவதையும் கவனியுங்கள்.

ஆனால் கல்லில் வெட்டியதோடு காரியம் முடிந்துவிடவில்லை. பின்னர் சேர்த்த வரிகள், கல்லேஹ ஊர் புசுவி செட்டி அரசரிடம் விண்ணப்பித்து, திருமலைத் தாத்தய்யாவை வரவழைத்து, சாசனத்தைப் புதுப்பித்ததைச் சொல்கின்றன. இரு சமயத்தாரும் சேர்ந்து அவருக்குச் சங்கநாயகர் பட்டம் கொடுத்தார்கள். கல்லேஹ என்பது நம் பெங்களூருக்கு மேற்கே மாகடி அருகிலுள்ள கல்யா. அங்கும் இதே 1368-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. தீர்ப்புக் கிடைத்தாலும் அதைக் காப்பாற்ற ஒருவர் எழுந்து போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் வைத்த திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறந்தார்கள். அதே ஆகஸ்ட் 13-ஆம் தேதி சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறந்தது. ஒரு ஊரில் சிறுபான்மையாக இருப்பவர் இன்னொரு ஊரில் பெரும்பான்மை. அங்கே நாம் எப்படி நடக்கிறோமோ, அதை வைத்துத்தான் இங்கே நாம் நியாயம் கேட்க முடியும். கையின் மேல் கை வைப்பது என்பது இதுதான்.

அடுத்த முறை பிள்ளைகளோடு சிரவணபெளகொளா போகும்போது, மலை இறங்கிய பிறகு பண்டாரி பஸதிக்கும் போய்வாருங்கள். அந்தக் கல்லைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள்.