இயலா வழியும் அரிய வழியும்

ஆங்கிலத்தில் அடைபட்ட வழியைக் குறிக்க வழங்கும் பெயரடைகளுள் ‘இம்பாசபிள்’ என்பது ஒன்று. ‘இம்’ எதிர்மறை முன்னொட்டு. ‘பாஸ்’ என்பது கடத்தல். ‘ஏபிள்’ இயலும் தன்மையைக் காட்டும் பின்னொட்டு. ஆகவே, ‘கடக்க இயலாத’ என்பதே இதன் நேர்ப்பொருள். காலடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இதன் வேராகும்.

இதனோடு ஒலியால் ஒத்து, ஓரெழுத்தால் மட்டும் வேறுபடும் மற்றொரு சொல்லும் உண்டு. அது ‘துன்புறுதல்’ என்னும் வேரிலிருந்து பிறந்து, ‘துன்பமோ உணர்ச்சியோ தீண்டாத’ என்று பொருள்படுவது. முன்னது ஆற்றுக்கும் மலைக்கும் சாலைக்கும் உரியது. பின்னது உள்ளத்துக்கு உரியது. மாணாக்கர் இவ்விரண்டையும் மயங்கக் கொள்ளுதல் கூடாது.

சொல்லின் ஆட்சியிலும் நுட்பமுண்டு. அரசாணையால் மூடப்பட்ட சாலையை இச்சொல்லாற் குறிப்பது பொருந்தாது. அது மூடிய சாலை, அவ்வளவே. வெள்ளமோ சேறோ பனியோ மூடி, செல்ல நினைப்பவனும் செல்ல இயலாதிருப்பதே இச்சொல்லுக்குரிய வழி.

ஆனால், எவரால் இயலாது? எப்பொழுது இயலாது? இவ்வினாக்களுக்கு வரலாறு விடை தருகின்றது. வட அமெரிக்காவின் வடகோடியில், அட்லாண்டிக் மாகடலையும் பசிபிக் மாகடலையும் இணைக்கும் வடமேற்குக் கடல்வழியைத் தேடி, 1845ஆம் ஆண்டில் சர் ஜான் பிராங்கிளின் இரு கப்பல்களுடன் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். 1846இல் கிங் வில்லியம் தீவுக்கு அருகே கப்பல்கள் பனிக்கட்டியில் சிக்கின. 1847இல் பிராங்கிளின் இறந்தார். 1848இல் எஞ்சியோர் கப்பல்களைக் கைவிட்டு நடந்தனர். கடல்வழி தேடிச் சென்ற 129 பேருள் ஒருவரும் மீளவில்லை.

கப்பலை மறித்த அதே பனிப்பரப்பு, அங்கு வாழ்ந்த இனுயிட்டு மக்களுக்கு நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகள் ஓடும் பாதையாக இருந்தது! நார்வே நாட்டவராகிய ரோல்ட் அமுண்ட்சென், 1903இல் ‘யோவா’ என்னும் சிறு கப்பலில் ஆறு துணைவருடன் புறப்பட்டார். கிங் வில்லியம் தீவில் ஈராண்டு தங்கி, அம்மக்களிடம் தோலாடையும் நாய்வண்டியும் பயன்படுத்தக் கற்றார். 1906இல் அவ்வழியைக் கடந்து முடித்தார்.

தமிழில் இச்சொல்லைப் பெயர்ப்போர் ‘கடத்தற்கரிய’ என்றும் ‘கடக்கவியலாத’ என்றும் எழுதுவர். இரண்டும் ஒன்றல்ல. அருமை என்னும் சொல் சிலவிடத்து இன்மைப் பொருளும் தருமெனினும், பாலைத்திணைத் தலைவன் செல்லும் ‘அருஞ்சுரம்’ கடக்கவே இயலாத வழியன்று; அவன் அதனைக் கடந்தே பொருள் தேடச் செல்கின்றான். பிராங்கிளினுக்கு இயலா வழியாக முடிந்தது, அமுண்ட்செனுக்கு அரிய வழியாயிற்று. மொழிபெயர்ப்போர் இவ்வேறுபாட்டை உணர்ந்து, இடமறிந்து சொல்லைத் தேர்தல் வேண்டும்.